பழைய கலர் டி.வி.க்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர்

கலர் டி.வி.யைச் சரிசெய்கிறவளுக்குக் கை பெட்டிக்குப் பின்னாலும் கண் பெட்டிக்கு முன்னாலும் இருக்க வேண்டும். கடவுள் அப்படிப் படைக்காததால் எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திக்கொள்கிறோம்.

கும்மிடிப்பூண்டியில் டி.வி. செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். அதை மூடிய பிறகு வீட்டு முன்னறையில் ரிப்பேர். இப்போது எல்லார் வீட்டிலும் சுவரில் ஒட்டுகிற டி.வி.தான். ஆனாலும் பின்பக்கம் பெருத்த பழைய பெட்டியை விட மனசு வராதவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற என் கூட்டாளிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

கையை எடுத்தால் கருப்பு வெள்ளை

ஆரணியில் ஏழுமலை அண்ணன் என்று ஒரு விவசாயி. டி.வி.யில் கலர் போய்விட்டது என்று அவரே மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காயில் என்கிற கம்பிச்சுருளை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருகியிருக்கிறார். கலர் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் போய்விட்டது. திரும்ப வைத்தால் வருகிறது. அதனால் அவர் மனைவி சீரியல் பார்க்கிற நேரமெல்லாம் இவர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓடுகிற செட்டுக்குள் ஷாக் அடித்தால் ஆளே மிஞ்ச மாட்டார். அதனால்தான் நாங்களே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம்.

காயில் பக்கத்தில் இரும்பு போனாலே அதன் கணக்கு மாறிவிடும். அதற்குத்தான் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர். மெல்லத் திருப்பினேன், கலர் வந்தது. எடுத்தேன், கலர் போகாமல் அப்படியே நின்றது. அண்ணன் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவிக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நாற்காலியைத் துடைத்தார். "ரெண்டு மாசமா அவ சிரிக்கிற சத்தம்தான் கேக்குது, இன்னாத்துக்கு சிரிக்கிறான்னே தெரில. இன்னிக்கு நானும் பக்கத்துல குந்திப் பாக்கறேன்மா."

அத்திப்பட்டுப் பச்சை

அத்திப்பட்டில் மேரி அக்கா. அவர் கணவர் பவர் பிளான்ட்டில் வேலை பார்த்தவர், போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். டி.வி.யின் வலது ஓரத்தில் யார் வந்தாலும் முகம் பச்சையாகிவிடுகிறது என்று கூப்பிட்டார். பார்த்ததும் தெரிந்தது, காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் எடுக்கிற காயில், வளையல் மாதிரி பெரிசாக இருக்கும், என்னிடம் உண்டு. அதைத் திரைக்கு முன்னால் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்வாங்கினேன். பச்சை கலைந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

காபி குடித்து முடிப்பதற்குள் ஓரத்தில் மறுபடியும் லேசாகப் பச்சை. காரணம் பக்கத்திலேயே இருந்தது. டி.வி.யை ஒட்டினாற்போல் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே இருக்கிற காந்தம்தான் இழுக்கிறது. "இதை அந்த மூலைக்குத் தள்ளிடலாம்க்கா, அப்புறம் தொந்தரவே இல்ல" என்று கை வைத்தேன். அக்கா எழுந்து வந்து என் கையை எடுத்துவிட்டார், கோபமாக இல்லை. "இது அவரு வெச்ச எடம்மா. ஞாயித்துக்கெழம ஆனா இதுமேல கைய வெச்சிக்கினுதான் பாட்டு கேப்பாரு. முகம் பச்சையாத் தெரிஞ்சா தெரியட்டும், வுட்டுரு."

அரக்கா, வெங்காயமா

திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வரதன் மாமா. மாமி அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போனவர், குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. மாமா தன் கல்யாண வீடியோ கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். மாமியின் புடவை செங்கல் நிறமாகத் தெரிகிறதாம். அது அரக்கு என்றார் மாமா.

செட்டை அரைமணி நேரம் ஓடவிட்டேன். சூடேறாமல் கலரைத் தொட்டால் எல்லாம் வீண். பிறகு பின்னால் போய்ச் சிவப்பைக் கொஞ்சம், நீலத்தைக் கொஞ்சம் என்று திருப்ப, மாமா முன்னால் நின்று, "இன்னும் துளி... துளி... போறும்" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். மணமேடையில் அரக்குப் புடவையில் ஒரு சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் மாமி போனில் வீடியோ கால் போட்டார். மாமா போனை டி.வி. பக்கம் திருப்பிக் காட்டினார். மாமி பார்த்துவிட்டு, "அரக்கா? அது வெங்காயக் கலர்னா. அரக்கு மறுநாள் கட்டிண்டது" என்றார். நான் ஸ்க்ரூடிரைவரோடு காத்திருந்தேன். மாமா போனை வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார். "அவ சொல்றதுதான் சரியா இருக்கும். ஆனா எனக்கு இத்தன வருஷமா மனசுல இருக்கறது அரக்குதான். அவ வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்மா."

சிவப்புச் சொட்டு

இது என் கதை. திருப்பாச்சூரில் முருகன் என்கிற தம்பி வீட்டில் ஒரு செட், திரை முழுக்க இருட்டு, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. மூடியைக் கழற்றினேன். எங்கள் கம்பெனியில் செய்த பெட்டி. பிக்சர் டியூபின் கழுத்தில் காந்த வளையங்கள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை அவற்றைத் திருப்பி, பிறகு நகராமல் இருக்க ஒரு சொட்டு சிவப்பு லாக்கர் சாயம் வைப்போம். இதில் சொட்டு கீழே இழுத்து, நாமம் மாதிரி நீண்டிருந்தது. எனக்கு அடுத்த பெஞ்சில் இருந்த ரமணம்மா மட்டும்தான் அப்படி வைப்பாள். ஆரம்பாக்கத்துக்காரி. அவள் வீட்டுப் புளிச்சக்கீரைத் துவையல் இல்லாமல் நான் மத்தியானம் சாப்பிட்டதே இல்லை. கம்பெனியை மூடிய பிறகு அவள் புருஷனோடு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டாள். நம்பர் என்னிடம் இருந்தது. சும்மா எப்படிக் கூப்பிடுவது என்று வருஷங்கள் போய்விட்டன.

கோளாறு வேறு இடத்தில், ஒரு ஈயப்பற்று விட்டிருந்தது. வைத்ததும் படம் விரிந்தது. ஓரத்து எழுத்துகளில்கூடக் கலர் பிசிறவில்லை. முருகன், "அக்கா, அந்த வளையத்தையும் ஒருவாட்டி அட்ஜஸ்ட் பண்ணிடுங்க" என்றான். கருவி கையில் இருந்தது. மாட்டேன் என்றேன். வாசலுக்கு வந்து போன் போட்டேன். பேர் சொல்வதற்குள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "நான் வெச்சது அப்படியே இருக்குதுன்னு சொல்ல இவ்ளோ நாளு ஆச்சா அமலா? அதை வுடு, நீ எப்டி இருக்கே, நேத்து இன்னா சாப்ட்டே, அதச் சொல்லு."

கலர் எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டால் படத்தைப் பார்த்துப் பதில் சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் பக்கத்தில் இல்லாத யாரையோ பார்த்துத்தான் சொல்கிறார்கள்.