பதில் சொன்ன குடா

பேய், பிசாசு என்று யார் கதைக்கத் தொடங்கினாலும் எழுந்து போய்விடுகிறவள் நான். பயத்தினால் அல்ல, சலிப்பினால். இலக்கியம் படிக்கிறவளுக்கு இப்படிப்பட்ட கதைகள் எங்கே போய் முடியும் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் நம்பாமல் போனால் குறை சொல்லமாட்டேன்; உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் அண்ணா கத்தாரிலிருந்து திரும்பிவந்து, குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த தன் பள்ளித் தோழர் நஸீர் நானாவோடு கூட்டுச் சேர்ந்து, பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கித் திருத்தினார். கோடையில் எங்கள் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த மாதங்களில் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, உப்புவெளியில் புறப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே போய், இரவுகளில் ஆளரவமற்ற குடாக்களில் நங்கூரமிட்டுத் தங்கித் திரும்புவது என்பது திட்டம். அது சரிவராவிட்டால் அண்ணா மறுபடியும் கத்தாருக்குப் போகவேண்டும்.  அண்ணியோ அலுமாரிக்கு மேலே கிடந்த அண்ணாவின் பயணப்பெட்டியை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்.

தங்கும் குடாக்களைத் தெரிவுசெய்யப் போனபோது, பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என்னையும் கூட்டிச்சென்றார்கள். படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இலேசில் நித்திரை வராது என்பதுதான் என் தகுதி. "நீ நித்திரை கொண்டியெண்டா வெள்ளைக்காரர் கட்டாயம் கொள்ளுவினம்," என்றார் அண்ணா.

நான் கொள்ளவில்லை. உப்புவெளியில் விடுதிகளின் பாட்டு விடியும்வரை ஓயவில்லை. துறைமுகத்துக்குள் நினைத்த இடத்தில் நங்கூரமிட ஏலாது. கொட்டியாரக் குடாவின் ஒரு மூலை நல்லதென்று தோன்றியது, ஆனால் மீன்பிடிப் படகுகள் போகும் வழி அது. ஒவ்வோர் எஞ்சினும் என் தலைமாட்டால் போனது. மற்றோர் இடத்தில் சத்தமே இல்லை, அலை மட்டும் பக்கவாட்டில் வந்து படகைத் தொட்டிலாட்ட, கவிழ்ந்து விழாமல் இருக்கவே இரவு முழுதும் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் அண்ணா என் முகத்தைப் பார்ப்பார், உடனே படகின் பாயை விரிப்பார். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எல்லோரும் இருந்தோம்.

இடையில் சிரிப்பதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. ஆளில்லாத எந்தக் குடாவுக்குள் நுழைந்தாலும், நங்கூரத்தை இறக்குமுன் நஸீர் நானா கரையைப் பார்த்து உரக்க ஸலாம் சொல்வார். அவருடைய வாப்பாவும் அப்படித்தானாம். யார் இருக்கிறார்கள் என்று முதல் நாள் அண்ணா கேட்டபோது, "ஒருத்தரும் இல்லாட்டி நட்டமில்ல மச்சான். இருந்தா, மரியாத தெரியாதவன் வந்திட்டான் எண்டு நினைக்கப்படாதே," என்றார். அதற்குப் பிறகு கரை பேசுவதுபோல அண்ணா குரலை மாற்றிப் பதில் சொல்லத் தொடங்கினார்.

"வஅலைக்கும் ஸலாம், வாங்கோ வாங்கோ, தேத்தண்ணி ஊத்தியாச்சு."

"சீனி காணாது மச்சான்," என்பார் நஸீர் நானா. பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்களும் ஒருக்காச் சொல்லுங்களன். உங்கட வாயால ஒரு சத்தம் வந்தா மீனெல்லாம் மேல வந்து பாக்கும்," என்பார். நான் சிரித்துவிட்டுக் கடலைப் பார்ப்பேன்.

கடைசியாகப் போனது சம்பூருக்கும் தெற்கே, இரண்டு பாறை முனைகளுக்கிடையில் ஒடுங்கிக் கிடந்த, எங்கள் மூவருக்கும் பெயர் தெரியாத ஒரு குடா. நடுப்பகல். கரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று சுடச்சுட வீசிக்கொண்டிருந்தது. அண்ணா என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ நின்றார் என்றுதான் நினைத்தேன். நஸீர் நானா நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஸலாம் சொன்னார். பதில் வந்தது.

"வஅலைக்கும் ஸலாம். இருங்க."

அண்ணாவின் குரல்தான். ஆனால் வேடிக்கை இல்லாமல், தாழ்ந்து, ஓய்ந்துபோய் இருந்தது. அவருக்கும் களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நஸீர் நானாவோ என்னைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சிரிப்போடு நங்கூரத்தை விட்டார், கயிறு முழுதும் ஓடியது, படகு நின்றது. நின்றுவிட்டதால் நங்கூரம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். வேறொரு நாள் என்றால் கயிற்றை இழுத்துப் பார்த்திருப்பார்.

கீழறையின் சிறு யன்னலால் ஒரு வெள்ளைப் பாறையும் அதன் தலைக்கு நேரே ஒரு பாலை மரமும் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். நம்பினால் நம்புங்கள், சிறு வயதுக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரையை நான் கொண்டதில்லை. காற்று மேலே விசிலடித்துக்கொண்டிருந்தது, படகு மட்டும் யாரோ மடியில் வைத்திருப்பதுபோல அசையாமல் கிடந்தது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாறைக்கு நேரே மரம், போட்டது போட்டபடி. மேல்தட்டில் அவர்கள் இருவரும் பாய்த்துணிமேல் விழுந்து நித்திரையாய்க் கிடந்தார்கள்.

அண்ணா எழுந்து என் முகத்தைப் பார்த்தார். "கொண்டனியா?"

"ஓம்," என்றேன். அவர் கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து செருப்பைத் தேடினார். அந்த நேரத்தில் அவர் அண்ணியைத்தான் நினைத்திருப்பார்.

நஸீர் நானா நங்கூரத்தை இழுக்கப் போனார். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு முன்பக்கமாகச் சரிந்து இறுகியிருக்கவேண்டும். ஆனால் அது கிணற்றுக் கயிறுபோல நேர்கீழாகத் தொங்கியது. இரண்டு கை இழுத்தவர் நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். தெளிந்த நீருக்குள், கயிற்றின் நுனியில், நங்கூரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், இது அடியைத் தொடவே இல்ல."

அண்ணா மாற்றுக் கயிற்றையும் முடிந்து விட்டுப் பார்த்தார். அப்போதும் தொடவில்லை. அதில் வியப்பில்லை, எங்கள் கடலடியில் கரைக்குக் கிட்டவே பெரும் பள்ளம் உண்டென்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஒன்றிலும் பிடிக்காத படகு, அந்தக் காற்றில், நாங்கள் தூங்கிய அவ்வளவு நேரமும் நடுக்கடலுக்குப் போகாமல் எப்படி நின்றது என்பதற்குத்தான் பாடம் இல்லை. நங்கூரம் தட்டில் வந்து விழுந்த கணமே கரை எங்களைவிட்டு விலகத் தொடங்கியது. மரம் பாறையைவிட்டு நழுவியதை நான் பார்த்தேன். கையிலிருந்து விட்டதுபோல.

திரும்பும் வழியில் அந்தப் பாறை முனைகள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நஸீர் நானாதான், எங்களைத் தேற்றுவதற்குப்போல, "எப்பிடியோ தங்கச்சியும் இண்டைக்கு ஸலாத்துக்குப் பதில் சொல்லிட்டா," என்றார்.

"நான் சொல்லேல்ல, நானா. அண்ணாதானே சொன்னவர்."

"நான் கீழ எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டனான்," என்றார் அண்ணா. "எனக்கு ஒண்டும் கேக்கேல்ல."

நஸீர் நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் குரல் என்றார். என் குரல் என்றார்.

பயணிகள் வரும் நாள் நெருங்கிவிட்டது. வேறு இடம் கிடைக்கவில்லை. கரைக்கு இன்னும் கிட்டப் போனால் நங்கூரம் மணலில் பிடிக்கும் என்று கண்டுகொண்டு அங்கேயே கூட்டிப்போனார்கள். வந்தவர்கள் அனைவரும் அந்தக் குடாவின் நித்திரையைத்தான் புகழ்ந்தார்கள். அடுத்த கோடைக்கும் ஆட்கள் பதிந்துவிட்டார்கள். அண்ணா கத்தாருக்குப் போகவில்லை. நஸீர் நானா இன்னும் கரைக்கு ஸலாம் சொல்கிறாராம்; கரையின் குரலில் அண்ணா பதில் சொல்வதுதான் இல்லை. நான் பிறகு அந்தப் படகில் ஏறவில்லை.

அந்தக் குடாவுக்குள் கைபேசி எடுக்காது. ஒவ்வொரு பயணத்திலும், காலையில் முனையைச் சுற்றி வெளியே வந்ததும் நஸீர் நானா எனக்கு அழைப்பார். நேற்றுப் பின்னேரம் எங்கே இருந்தேன் என்று கேட்பார். பல்கலைக்கழக விடுதியில் என்பேன்.  "சரி தங்கச்சி, அப்ப சரி," என்று வைத்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன கிழமை எனக்குக் கடுமையான தடிமன். குரல் கட்டிப்போய், யாரோடும் பேசாமல் அறையில் கிடந்தேன், வீட்டுக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வழக்கமான அழைப்பு வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"தங்கச்சி, தொண்டைக்கு ஏதும் மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார் நஸீர் நானா.

நான் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.