தொண்ணூற்றேழில் கொதித்த தண்ணீர்

பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்ல. ஆனால் விஞ்ஞானப் பரீட்சைக்கு மேசை அடுக்கி, பீக்கர் கழுவி, ஸ்டாண்ட் பூட்டி, பத்துப் பன்னிரண்டு வருடங்களை ஓட்டிவிட்டேன். அந்த வருடங்களில் எனக்கு வந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் பிரைமஸ் அடுப்புக்கு மண்ணெண்ணெய் தேவைப்பட்டிருக்காது.

பரீட்சை நாள்

எங்கள் பாடசாலை றக்வானைக்கு மேலே, மூவாயிரம் அடி உயரத்தில் இருந்தது. நான்கு கடை, ஒரு தபால் கந்தோர், சுற்றிலும் தேயிலை. தேயிலை பாக்டரியில் வேலை செய்துகொண்டிருந்த நான், பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்த பிறகு மனுப்போட்டு இந்த வேலைக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் தற்காலிகம். அது முடியும்போது அதிபர் ஒரு ரிப்போட் அனுப்புவார். அது நல்லபடி இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்குப் போக வீடும் இல்லை. பாக்டரியை விட்டபோதே தோட்டத்தில் எனக்குத் தந்திருந்த லயக்காம்பராவைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

ரிப்போட் போக இரண்டு வாரம் இருக்கும்போது மாதிரிப் பரீட்சை வந்தது. முப்பத்து நான்கு பிள்ளைகள். விஞ்ஞானம் படிப்பித்தவர் சிவபாதம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். உயிரியலுக்கு ஒரு மேசை, இரசாயனவியலுக்கு ஒன்று, பௌதிகவியலுக்கு ஒன்று என்று மூன்று மேசை போடச் சொன்னார். போட்டேன்.

உயிரியல் மேசைக்குச் செவ்வரத்தம்பூ, அதாவது செம்பருத்தி. முந்தின இரவு மழையில் வேலியிலிருந்த ஒற்றைப் பூவெல்லாம் அடிபட்டுப் போய்விட்டதால், டிஸ்பென்சரி வாசலில் இருந்த அடுக்குப் பூவைப் பறித்து வைத்தேன். ரோஜாவைப்போல இதழ் இதழாக இருக்கும். "முன்னால் உள்ள பூவைப் பார்த்து வரைக" என்பது கேள்வி. முப்பத்து நான்கு பேரும் ஐந்து இதழ் வரைந்தார்கள். புத்தகத்தில் ஐந்து இதழ்தான்.

இரசாயன மேசையில் மூன்று சோதனைக்குழாய், ஆளுக்கு மூன்று லிட்மஸ் என்கிற பாசிச்சாயத்தாள். தோய்த்துப் பார்த்து எது அமிலம், எது காரம், எது வெறும் தண்ணீர் என்று எழுத வேண்டும். பரீட்சை முடிந்து மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள் காய்ந்தபடியே கிடந்தது. தோய்க்காமலேயே விடை எழுதிவிட்டார்கள்.

பௌதிக மேசையில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கொதிநிலையை எழுத வேண்டும். மேசையில் மூன்று அடுப்பு, மூன்று பீக்கர், மூன்று தெர்மாமீட்டர். பிள்ளைகள் ஆறு ஆறு பேராக வந்தார்கள். தண்ணீரில் முதல் குமிழி எழும்பும் முன்னமே நூறு என்று எழுதிவிட்டு வெளியே போனார்கள். நான் அடுப்புக்குக் காற்று அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம்.

தனலெட்சுமி என்று ஒரு பிள்ளை. தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவரின் மகள். அவள் ஒருத்திதான் கடைசிவரை நின்று பார்த்தாள். தொண்ணூற்றேழு என்று எழுதினாள். மாஸ்டர் தாளைப் பார்த்ததும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கிழித்தார்.

"என்ன பிள்ளை இது? தண்ணி எத்தினையில கொதிக்கும் எண்டு ஏழாம் வகுப்பிலேயே படிப்பிச்சனான் அல்லோ?"

"சேர், அதுலதான் சேர் நிக்கிது. நான் ரொம்ப நேரம் பாத்தேன்."

"எங்கை நிக்குது? காட்டும் பாப்பம்."

காட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசம் தொண்ணூற்றேழில் நிற்கிறது. மாஸ்டர் அடுத்த பீக்கரைப் பார்த்தார். தொண்ணூற்றேழு. மூன்றாவதும் அதே. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ராமையா, உதுகளை ஆர் கழுவினது?"

"நான்தான் சேர்."

"கொதிதண்ணிக்குள்ள போட்டுக் கழுவினனீரோ? இல்லாட்டிக் கீழ போட்டனீரோ? மூண்டும் பழுதாப் போச்சே!"

பெரியவர்கள் சத்தம் போட்டால் நான் துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். மூன்று தெர்மாமீட்டரும் ஒரே அளவுக்கு எப்படி சேர் பழுதாகும் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி வழக்கம்போல இரவு படுத்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதிபர் அறை

அதிபர் கடைவீதிக்காரர். அவருடைய குடும்பத்துக்கு அங்கே ஜவுளிக்கடை இருந்தது. பாடசாலைச் சாமான்களைக் கடைச் சரக்கு மாதிரிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா ராமையா, மூணு தெர்மாமீட்டர். சாமான் வந்து ஒரு வருஷம்கூட ஆகல. மேலிடத்துக்கு நான் என்னான்னு எழுதுறது? எலி கடிச்சிருச்சுன்னா?"

"இல்லீங்க சேர்..."

"என்ன இல்ல? சத்தமா சொல்லு. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அவர் சாமான் பதியும் இடாப்பில் மூன்று தெர்மாமீட்டரையும் சிவப்பு மையால் வெட்டினார். பக்கத்தில் ஒரு கவர் இருந்தது.

"ஒன்னோட ரிப்போட் எழுதி வச்சிட்டேன். கவனக்குறைவானவர்னு போட்டிருக்கேன். உள்ளதத்தானே எழுத முடியும்? திங்கக்கிழமை பத்து மணித் தபால்ல போகும்."

வெளியே வந்தபோது அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பாக்டரியில் இலை வாட்டும் மாடியில் தெர்மாமீட்டர் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவதுதான் எனக்கு ஆறு வருட வேலை. அது பாரன்ஹைட் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஆறு வருடத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் நான் உடைத்ததில்லை.

மூங்கில் குழல்

இரத்தினபுரியில் ஒரு பெரிய பாடசாலை ஆய்வுகூடத்தில் பியதாச என்பவர் என்னைப்போல உதவியாளராக இருந்தார். கல்விக் கந்தோரில் சாமான் எடுக்கப் போகும்போது பழக்கம். அவருடைய தெர்மாமீட்டரோடு என்னுடையதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பழுது என்றாவது தெரியும். குற்றவாளி என்றானபிறகு குற்றத்தின் அளவையாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை, வெட்டப்பட்ட மூன்றில் ஒன்றை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மூங்கில் குழலுக்குள் பஞ்சு அடைத்து அதை வைத்து, துணியால் வாயைக் கட்டி பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி.

"என்ன மல்லி, புல்லாங்குழலா? ஒரு பாட்டு வாசிங்களேன். ரோட்டு இருக்கிற இருப்புக்கு நமக்கும் தூக்கம் வரட்டும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பியதாச பாடசாலை வளவிலேயே குடியிருந்தார். சிங்களவர், ஆனால் தமிழ்க் கடைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். கதையைக் கேட்டுவிட்டு ஆய்வுகூடத்தைத் திறந்து அடுப்பை மூட்டினார். ஒரே பீக்கரில் இரண்டு தெர்மாமீட்டரையும் நிறுத்தினோம். தண்ணீர் கொதித்தது. நான் கண்ணை மட்டத்துக்கு இறக்கினேன்.

இரண்டும் நூறு என்ற கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே, பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"அய்யே, இன்னொரு தடவ பாப்போமா?" என்று கேட்டேன். சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது.

மூன்று தடவை பார்த்தோம். அதேதான்.

"மல்லி, ஒங்க தெர்மாமீட்டர் நல்லம்," என்றார் பியதாச. "ஒங்க தண்ணிக்குத்தான் சொகமில்ல. தண்ணிய மாத்துங்க."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை. மேலே எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர், இங்கே குழாய்த் தண்ணீர். யாருக்குத் தெரியும்? கழுவிய ஒரு போத்தலில் இரத்தினபுரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். அவருடைய தெர்மாமீட்டரையும் இரவல் கேட்டேன். திங்கட்கிழமை பகல் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கறாராகச் சொல்லிக் கொடுத்தார். அதற்கும் அவரிடம் ஓர் இடாப்பு இருந்தது.

திரும்பும்போதும் அதே கண்டக்டர்.

"மல்லி, போத்தல்ல என்ன? வடிச்ச சரக்கா?"

"தண்ணிங்க."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் ஏமாந்து போனது. "மலைக்குத் தண்ணி கொண்டு போற மனுசன இன்னைக்குத்தான் பாக்கிறேன். ஊருல ஊத்தெல்லாம் வத்திப்போச்சா?"

மறுபடியும் பஸ் சிரித்தது.

திங்கட்கிழமை

மணி அடிக்க ஒரு மணி நேரம் முன்னமே ஆய்வுகூடத்தைத் திறந்தேன். ஒரு பீக்கரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் இரத்தினபுரித் தண்ணீர். எங்கள் தெர்மாமீட்டரை ஒன்றில் நிறுத்தினேன், பியதாசவுடையதை மற்றதில். இரண்டும் தொண்ணூற்றேழு. இடம் மாற்றி வைத்தேன். தொண்ணூற்றேழு. நேற்றுமுன்தினம் என் கண் முன்னால் நூறு காட்டிய பியதாசவின் தெர்மாமீட்டர்கூட இங்கே வந்ததும் தொண்ணூற்றேழுக்கு இறங்கிவிட்டது. தெர்மாமீட்டரும் அல்ல, தண்ணீரும் அல்ல. அப்படியென்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு பாடம் முடிந்து மாஸ்டர் வந்தார். திருத்திய விடைத்தாள் கட்டைத் தனலெட்சுமி பின்னால் தூக்கி வந்தாள்.

"என்ன ராமையா, காலமையே தேத்தண்ணியோ?"

"பாருங்க சேர்," என்றேன். எந்தத் தெர்மாமீட்டர் எந்த ஊர், எந்தத் தண்ணீர் எந்த ஊர், சனிக்கிழமை எங்கே என்ன காட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் ஊர் மாறிப்போய்த் திருத்திக்கொண்டேன். சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து யன்னல் வழியே கீழே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து பார்த்தார்.

"சேர்," என்றாள் தனலெட்சுமி. "நாலாவது கேள்வி சேர்."

"என்ன நாலாவது?"

அவள் மேலே இருந்த தாளைப் புரட்டிக் காட்டினாள். 'உயரமான இடத்துக்குச் செல்லும்போது நீரின் கொதிநிலைக்கு யாது நிகழும்?' என்பது கேள்வி. 'வளியமுக்கம் குறைவதால் கொதிநிலை குறையும்' என்று எழுதியிருந்தது. வளியமுக்கம் என்றால் காற்றின் அழுத்தம். சரி போட்டு முழுப் புள்ளி. மாஸ்டர் அடுத்த தாளைப் பார்த்தார். சரி. அடுத்தது. சரி. முப்பத்து நான்கு பேரும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். அவர்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடமாக்க வைத்தவர். அதே தாளில், இரண்டு கேள்வி தள்ளி, முப்பத்து மூன்று பேர் மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு நூறு என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் முழுப் புள்ளி.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு மடையன் காணும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "நேரமென்ன?" என்று கேட்டார்.

ஒன்பதே முக்கால். எழும்பி அதிபர் அறைக்கு ஓடினார். நான் பின்னால் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

"சேர், அந்த ரிப்போட்டை நிப்பாட்டுங்கோ. பிழை என்னிலை."

எல்லாவற்றையும் சொன்னார். அதிபர் சாமான் இடாப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்குங்கிறீங்க. நான் சிவப்பு மையில வெட்டிட்டேனே? வெட்டுனத எப்படி மாஸ்டர் திருப்பிச் சேர்க்கிறது?"

"அதைப் பிறகு பாப்பம். ராமையாவின்ர காரியத்தைப் பாருங்கோ."

"சரி, ரிப்போட்ட மாத்துறேன். ஆனா ஒண்ணு. புள்ளைங்கள நூறுன்னே எழுதச் சொல்லுங்க. கொழும்புல பேப்பர் திருத்துறவனுக்கு நம்ம மலை தெரியுமா?"

"கண்ணால கண்டதை எழுதக் கூடாதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"பாஸ் பண்ணச் சொல்லுங்க மாஸ்டர். கண்ணால காணுறத அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தச் சண்டை முடியவில்லை. அவர்கள் இருவரும் அந்தப் பாடசாலையில் இருந்த வரைக்கும் முடியவில்லை. ஆனால் ரிப்போட் மாறியது. 'கவனக்குறைவானவர்' என்பதை எடுத்துவிட்டு 'அதிகம் பேசாதவர்' என்று அதிபர் எழுதியதாக மாஸ்டர் பிறகு சொன்னார். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சில மாதத்தில் நிரந்தரக் கடிதம் வந்தது. தனலெட்சுமிக்கு இரண்டு புள்ளி கூடியது.

பலகை

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி யாரும் ஏமாறக் கூடாது என்று நானே ஒரு பலகையை இழைத்து, வெள்ளைப் பெயின்ற் அடித்து, 'இந்த அறையில் தண்ணீர் 97 பாகையில் கொதிக்கும்' என்று எழுதிப் பௌதிக மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். மாஸ்டர்கூட முதுகில் தட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வருடம் மாதிரிப் பரீட்சை. அதே மூன்று மேசை. நான் அடுப்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூடுகூட ஆகவில்லை. ஆறு பேரும் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். தொண்ணூற்றேழு என்று எழுதினார்கள். வெளியே போய்விட்டார்கள்.

அடுத்த ஆறு பேர் வருவதற்குள் ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினேன். இன்றுவரை அது அலுமாரிக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

ஆய்வுகூடத்துக்கு வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிள்ளைகள் கேட்டால் விடையைச் சொல்லாதீர்கள். சுவரிலும் எழுதி வைக்காதீர்கள். அடுப்பை முன்கூட்டியே மூட்டி, அவர்கள் வரும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.