நாலு செட் உடுப்பு

வீராசாமி அந்த மேடையில் ஏறுவதில் லில்லிக்குத் துளியும் இஷ்டமில்லை.

"பிளவுஸ் தெச்சமா, வூட்டுக்கு வந்தமான்னு இல்லாம உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வேலை? அந்தக் காட்டைப் பத்தி என்கிட்டயே நீங்க வாயைத் தொறந்ததில்ல. ஊரு முன்னாடி இன்னா பேசப் போறீங்க?"

"தினகரன் சார் கடைக்கே வந்து கூப்புட்டாரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார் வீராசாமி. சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தினகரன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்து விவாதம் நடத்துவார். அந்த மாதம் டிவியைப் போட்டாலே காட்டுச் சண்டைதான். இன்று இத்தனை தீவிரவாதிகள் சுட்டுக் கொலை, நேற்று இத்தனை பேர் என்று தினமும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் தலைப்பு சுலபமாகக் கிடைத்துவிட்டது: 'ஆயுதம் எடுத்தவர்களைப் படைகள் சுட்டுக் கொல்வது சரியா, தவறா?' சரி என்ற பக்கத்துக்கு, அங்கேயே இருந்து வந்த ஓர் ஆள் வேண்டும். பூக்கடைச் சத்திரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் வீராசாமியை விட்டால் வேறு யார்?

வீராசாமி துப்பாக்கி தூக்கியவர் இல்லை. மத்தியப் படை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் டெய்லர். ஜவான்களின் உடுப்பைத் தைப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, தோளில் பட்டை வைப்பது, இதுதான் வேலை. கடைசி எட்டு வருஷம் வடக்கே ஒரு காட்டு முகாமில். மழைக்காலத்தில் மிஷினுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்; பெடலுக்கு அடியில் செங்கல் வைத்துத் தைப்பார்.

அந்த முகாமுக்குத்தான் கதிர்வேல் வந்து சேர்ந்தான். வீராசாமியின் ஊரிலேயே பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பையன், இருபத்து நாலு வயசு. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டியூட்டி முடிந்ததும் நேராக டெய்லர் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். ஐந்தே மாதம். அப்புறம் ஒரு காலை, ரோந்து போன வண்டி கண்ணிவெடியில் சிக்கி ஏழு பேர் போனார்கள். அதில் அவனும் ஒருவன். ஊர்க்காரர் என்று சவப்பெட்டியோடு வீராசாமியைத்தான் அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கதிர்வேலின் அம்மா தில்லையம்மாளிடம் சொல்ல வேண்டிய வேலையும் அவருக்கே வந்தது. அந்த அம்மாள் பெட்டியின் மூடியை நகத்தால் பிறாண்டிய சத்தம் ரயிலேறித் திரும்பிப் போன பிறகும் அவர் காதை விடவில்லை.

அடுத்த லீவில் வந்தபோது அவரே அந்த வீட்டுக்குப் போனார். "அம்மா, வெடி வெச்சவனுங்கள்ல நாலு பேரை முடிச்சுட்டாங்கம்மா" என்று சொன்னார். தில்லையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். மகன் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்க்குச் சோறு இறங்கியது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

விவாதத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் தில்லையம்மாளை உட்காரவைத்துச் சால்வை போர்த்தியிருந்தார் தினகரன். வீராசாமி கதிர்வேலைப் பற்றிப் பேசினார். வண்டி கிடந்த கோலத்தையும், மரக்கிளையில் தொங்கிய ஒற்றை பூட்ஸையும் சொன்னார். "வெடி வெச்சவன்கிட்ட போய்ப் பேசு பேசுன்னா இன்னா பேசறது? அவன் நம்மள பேச வுட்டானா?" என்று கேட்டபோது கைத்தட்டல் கூரையைத் தொட்டது. கடைசி வரிசையில் லில்லி மட்டும் தட்டவில்லை.

எதிர்ப்பக்கம் பேச வந்தவர் இளவரசி, கல்லூரி ஆசிரியை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கதிர்வேலைக் கொன்றவனுக்காக நான் இங்கே பேச வரவில்லை. சண்டையில் சுட வந்தவனைத் திருப்பிச் சுட்டால் அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். என் கேள்வி வேறே. செத்தவன்தான் வெடி வைத்தவன் என்று யார் சொன்னார்கள்? சுட்டவரே சொல்கிறார். சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. தீவிரவாதி உடுப்புப் போட்டிருந்தான் என்கிறார்கள். உடுப்பை வைத்து ஓர் உயிரைத் தீர்மானிக்கலாமா? வீராசாமி ஐயா அங்கே இருந்தவர். அவரே சொல்லட்டும்."

தினகரன் ஒரு நிமிஷம் கொடுத்தார். வீராசாமி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அதற்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அந்த உடுப்பு நான் தெச்சது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். கதிர்வேலை அடக்கம் செய்துவிட்டு முகாமுக்குத் திரும்பிய மறுவாரம் ஹவில்தார் ஒருவர் கரும்பச்சைத் துணியோடு வந்தார். நாலு செட், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். படையின் துணி இல்லை அது; தீவிரவாதிகள் போடுகிற நிறம். அளவு கேட்டதற்கு, மூன்று சாதாரணம், ஒன்று மட்டும் சின்னது என்று தன் மார்பளவில் கையை வைத்துக் காட்டினார். கறுப்புப் பித்தான் தீர்ந்துபோனதால் ஒரு சட்டைக்கு நடுவில் பழுப்புப் பித்தான் வைத்துத் தைத்தார். மூன்றாம் நாள் கேன்டீனில் கிடந்த இந்திப் பேப்பரில் கலர் போட்டோ வந்திருந்தது. நாலு உடல்கள் வரிசையாகக் கிடந்தன. முகமெல்லாம் ரத்தம், சட்டையில் மட்டும் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டாவது ஆளின் நெஞ்சில் பழுப்புப் பித்தான். கடைசியில் கிடந்தவனுக்குச் சட்டைக்கை விரலைத் தாண்டித் தொங்கியது.

"ஹவில்தாரைக் கேட்டேன். தெக்கிறது உன் வேலை, யார் போடறாங்கன்னு பார்க்கிறது உன் வேலை இல்லன்னாரு. நான் அப்புறம் கேக்கல. பயத்துல இல்ல. எனக்கும் அன்னிக்கு யாருனா சாகணும்னு இருந்துது."

மைக் நின்றுபோனது. "துரோகி!" என்று ஒரு குரல் கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன. தில்லையம்மாள் எழுந்து, சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

யாரோ எடுத்த வீடியோ விடிவதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. திங்கட்கிழமை கடை திறந்ததும் மூன்று பேர் வந்து, வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை போன் வந்தது. பழைய அதிகாரி ஒருவர், இந்தியில், வெகு மரியாதையாகப் பேசினார். "வீராசாமி, உடம்பு நல்லா இருக்கா? வயசானா ஞாபகம் குழம்பும். அது சகஜம். தப்பா ஞாபகம் வெச்சிருந்தேன்னு ஒரு வீடியோ போட்டுடு. பொண்ணு ஏஞ்சல் நல்லா படிக்குதா?"

மகளின் பெயரை அவர் அந்த முகாமில் யாரிடமும் சொன்னதே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் தில்லையம்மாள் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பதினோரு வருஷமாச்சுப்பா. நாலு பேரை முடிச்சுட்டாங்கன்னு நீதான் வந்து சொன்ன. அதை வெச்சுக்கினுதான் நான் உயிரோட இருந்தேன். இப்ப நீயே அதைப் புடுங்கிக்கினு போயிட்ட."

"தப்புதாம்மா."

"அந்தச் சின்னது, அதுக்கு வயசு இன்னா இருக்கும்?"

"தெரியலம்மா. தோள் பதிமூணு இஞ்சுக்கு வெட்டினேன்."

தில்லையம்மாள் தையல் மிஷினைத் தொட்டுப் பார்த்தார். "அதோட அம்மாக்காரிகிட்ட யாருனா போய் எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார். "உன்னை நான் மன்னிக்கல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெயிலில் இறங்கிப் போனார்.

அன்றே வீராசாமி இளவரசியைத் தேடிப் போனார். அவர் தெரிந்த வக்கீலிடம் கூட்டிப்போனார். தேதி, ஹவில்தார் பெயர், துணி, பித்தான், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த மாநில ஹைகோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வழக்கில் சேர்த்தார்கள். செத்த நாலு பேரின் கிராமம் போட்ட வழக்கு அது. படையை எதிர்த்து இப்படி ஒரு வழக்கு இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். கிராப்பு வெட்டியிருந்த விதத்திலேயே படைக்காரர்கள் என்று வீராசாமிக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் கவரிலிருந்து கரும்பச்சைத் துணியை எடுத்து மேஜைமேல் விரித்தார். சட்டைக்கும் பேன்ட்டுக்கும் கணக்காக இருந்தது.

"ஒரு செட் தெச்சு வையுங்க மாஸ்டர்."

"யாருக்கு சார்? அளவு?"

"உங்க அளவுக்கே தெச்சுடுங்க. அப்புறமா வந்து வாங்கிக்கிறோம்."

அவர்கள் போன பிறகு கடைக்கு வந்த லில்லி துணியைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் ஏஞ்சலுக்கு போன் போட்டு, காலேஜிலிருந்து நேராக வாலாஜாபாத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னார். இரண்டு பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எழுத்தர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டெய்லர்கிட்ட துணி குடுக்கறது இன்னா குத்தம்பா? மிரட்டினாங்களா, அடிச்சாங்களா?" புகாரை வாங்கிக்கொள்ளவில்லை.

சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கோர்ட் கடிதம் வந்தது. ரயிலில் ஒன்றரை நாள், அப்புறம் காட்டு ரோட்டில் பஸ். இளவரசி, இங்கிருந்தே வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல மனு போட்டிருப்பதாகவும், அது கிடைக்கும்வரை ஊரைவிட்டு நகர வேண்டாமென்றும் சொன்னார். மனு தள்ளுபடியானது.

"போகலன்னு எழுதிக் குடுத்துடலாமா?" என்று ஒரு தடவை கேட்டார் வீராசாமி.

"அன்னிக்கு மேடை ஏறாதீங்கன்னு சொன்னேன், கேக்கல. இப்ப எறங்கினா மட்டும் வுட்டுடுவாங்களா?" என்ற லில்லி, இரண்டு டிக்கெட்டாகப் போடச் சொன்னார்.

கிளம்புகிற அன்று சென்ட்ரலில் ரயில் ஏறி உட்கார்ந்தார்கள். பையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ச் சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். லக்கேஜ் எதுவும் இல்லை. வீராசாமியைப் பார்த்து, ரொம்ப நாள் பழகியவர் மாதிரி தலையசைத்தார்.

லில்லி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர ஆரம்பித்தது.