மெதுவாகப் போகுமா என்று கேட்டார்

கழுகுமலையில் மாப்பிள்ளை அழைப்பு பாதித் தெருவில் நின்றபோது நான் கோவில்பட்டியில் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஏறி வந்த காரின் சொந்தக்காரன் முருகேசன் போன் போட்டான். பின்னால் மேளச் சத்தம் கேட்கவில்லை. ஊர்வலத்தில் மேளம் நின்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"பாய், கியர் விழ மாட்டேங்கு. கியர்பாக்ஸ் சூடுன்னு மீட்டர்ல சிவப்பு லைட்டு எரியுது. மாப்பிள்ளை பின் சீட்டுல நிக்காவ. நான் என்ன செய்யட்டும்?"

"ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் சும்மா விடு."

"அரை மணி நேரமா? இங்கன என்னைய அடிக்க வாராவ பாய்!"

அந்த வண்டியைத் தேர்ந்து கொடுத்தவன் நான்தான். பழைய கார் பார்த்துச் சொல்லும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மாடல்

நான் கார் விற்கிறவன் இல்லை, புரோக்கரும் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்களோடு போய், பார்த்துச் சொல்கிறவன். முப்பது வருஷம் அதுதான் பிழைப்பு. 'மைதீன் பாய் பார்த்த வண்டி' என்றால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறியிருந்தது.

எங்கள் பக்கம் கார் வாங்கினவனிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாடல்?" மாடல் என்றால் வருஷம். கம்பெனிப் பெயரெல்லாம் அப்புறம். ஆனால் ஆர்.சி. புக்கில் இருக்கும் வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள். போன வருஷக் கடைசியில் செய்த வண்டி யார்டில் வெயில் காய்ந்து, இந்த வருஷம் பாதியில் ரிஜிஸ்டர் ஆகியிருக்கும். செய்த வருஷத்தைக் கண்ணாடியில் பாருங்கள், சீட் பெல்ட் லேபிளில் பாருங்கள். டயரில் நாலு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். புது டிசைன் வந்த முதல் வருஷ வண்டியைத் தொடாதீர்கள். அதன் கோளாறெல்லாம் வாங்கினவன் தலையில்தான் விடியும். ஃபேஸ்லிஃப்ட், அதாவது முகப்பைத் திருத்திய மாடல், வந்து ஒரு வருஷம் கழித்து வந்த வண்டிதான் உத்தமம்.

இதெல்லாம் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்தேன்.

2. கிடை

முருகேசன் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்து ஆள். வளைகுடாவில் ஒன்பது வருஷம் கார் கழுவினான். கையால் துடைத்த வண்டியில் ஒன்றையாவது ஓட்டிப் பிழைக்க வேண்டும் என்று ஆசை. மேலே திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். நல்ல யோசனைதான். இந்த வட்டாரத்தில் அப்போது அப்படி ஒரு வண்டி கிடையாது.

அவன் சேமிப்பு போதவில்லை. அப்பா சுடலைமுத்து ஆட்டுக்கிடை வைத்திருந்தவர். அறுப்பு முடிந்த கரிசல் காடுகளில் கிடை போட்டு, அந்த உரத்துக்கு வரும் கூலியில் குடும்பம் நடத்தியவர். எட்டயபுரம் சந்தையில் கிடையை மொத்தமாக விற்றுவிட்டார். ஒரு குட்டிகூட மிச்சம் வைக்கவில்லை.

கல்யாண வாடகைக்கு என்று என்னிடம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

3. கோயம்புத்தூர்

கோயம்புத்தூரில் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் அந்த வகைக் கார் இரண்டு நின்றன. இரண்டும் சிவப்பு, இரண்டு கதவு, பின்னால் சின்ன சீட். ஒன்று பழைய மாடல். பெயின்ட் மங்கியிருந்தது, மேல் துணியில் தையல் போட்டிருந்தார்கள். அதில் பழைய பாணி ஆட்டோமேட்டிக் கியர். இன்னொன்று இரண்டு வருஷம் புதுசு. ஃபேஸ்லிஃப்ட், புது லைட், டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ்.

"அண்ணா, இந்தப் புதுசு சும்மா பட்டாட்டம் இருக்குதுங்க. ஓட்டிப் பாருங்க, அப்புறம் நீங்களே சொல்லுவீங்க" என்றார் யார்டுக்காரர்.

பைபாஸில் ஓட்டினேன். பழசில் கியர் மாறும்போது ஒரு கணம் யோசித்தது. புதுசில் மாறியதே தெரியவில்லை. லேபிள் பார்த்தேன், டயர் பார்த்தேன், சர்வீஸ் ரெக்கார்டு பார்த்தேன். ஒரு குறை இல்லை.

கூட வந்த சுடலைமுத்து இரண்டு வண்டியையும் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பாய், இது மெதுவாப் போவுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, மெதுவாப் போறதுக்கு உங்க ஆடே போதுமே! இது ஓடுததுக்குன்னே செஞ்ச வண்டி."

யார்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முருகேசனும் சிரித்தான். பெரியவரும் லேசாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"இல்ல பாய், நாங்க ஆட்டுக்குப் பல்லு பாப்போம். ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு வயசு தெரிஞ்சிரும். ஆனா வளக்கவா கறிக்கான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாயவே தொறந்து பாப்போம். அதான் கேட்டேன்."

"அது ஆடு அண்ணாச்சி" என்றேன்.

புது மாடலையே எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள்.

4. சகுனம்

தை மாசம் கோவில்பட்டியில் இரண்டு கல்யாணம் ஓடியது. பனிக்காலம், குட்டித் தெரு. ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கழுகுமலை, வைகாசி. ஐந்து மணிக்கும் வெயில் இறங்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பத்தடி நகரும், நிற்கும். மேளக்காரர்கள் ஒரு உருப்படி வாசிப்பார்கள். இளவட்டங்கள் ஆடுவார்கள். மாமன்மார் மாலை போடுவார்கள். மறுபடி பத்தடி. இரண்டு மணி நேரம் இப்படித்தான். டபுள் கிளட்ச் வண்டியை அப்படி ஊர விட்டால் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே கிடந்து சூடேறும். பழைய பாணி கியரில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆயில்தான் சுற்றும். அது எவ்வளவு நேரமானாலும் ஊர்ந்து போகும். இது எனக்குத் தெரியாததா? பட்டறையில் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்! வாடகைக்கு என்றால் என்ன ஓட்டம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த மங்கின பெயின்ட் வண்டியைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மாப்பிள்ளை இறங்கி மண்டபம் வரை நடந்தார். காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஊர்வலத்தில் வந்த ஒரு அம்மா, "தொடக்கமே இப்பிடி நின்னு போச்சே" என்று சொன்னாராம். அது போதும், கெட்ட சகுனம் என்று வட்டாரமெல்லாம் பரவிவிட்டது.

மதுரையில் கிளட்ச் மாற்றினோம். வண்டி சரியாகிவிட்டது. ஆனால் ஒருவரும் கூப்பிடவில்லை. கடம்பூரில் பேசி வைத்திருந்த ஒரு கல்யாண வீட்டுக்கு நானே நேரில் போனேன்.

"வண்டியச் சரி பண்ணிட்டீய பாய். சகுனத்த எந்தப் பட்டறையில சரி பண்ணுவீய?" என்று கேட்டுவிட்டு எனக்குக் காபி கொடுத்தார்கள்.

அந்தக் கழுகுமலை மாப்பிள்ளையும் பெண்ணும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். அதை ஒருத்தரும் சகுனத்தில் சேர்க்கவில்லை. எனக்கு ஊர் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. என் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிசு.

முருகேசன் காரை மதுரையில் ஒருவருக்குத் தள்ளிவிட்டு மறுபடி விமானம் ஏறினான். மறுபடி கார் கழுவத்தான். அந்த மதுரைக்காரர் பைபாஸில் பறக்கிறார். இன்றுவரை ஒரு கோளாறு வந்ததில்லை என்கிறார்கள். மாடல் நல்ல மாடல்.

5. ரோட்டில்

போன வருஷம் கடம்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கிடை ரோட்டை அடைத்து வந்தது. நிறுத்தினேன். கம்பை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தவர் சுடலைமுத்து.

"பாய், சௌக்கியமா?"

"யார் ஆடு அண்ணாச்சி?"

"கடம்பூர்க்காரவியளோடது. கூலிக்கு மேய்க்கேன்."

"அன்னைக்கு யார்டுல நீங்க கேட்டதுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது, அண்ணாச்சி."

"விடுங்க பாய். நீங்க என்ன வேணும்னா செஞ்சீய?" என்றார். பிறகு ஆடுகளைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதுக்கு மேல கேக்காம விட்டுட்டேன். பாய்க்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாடல் கேட்டு வருகிறவனிடம் முதலில் எதற்கு, எங்கே, எவ்வளவு மெதுவாக என்று கேளுங்கள். வருஷம் கடைசிக் கேள்வி. வாங்குகிறவன் பக்கத்தில் நிற்பவர் ஏதாவது கேட்டால், பதில் சொல்லுகிறவரைக்கும் சிரிக்காதீர்கள்.

சுடலைமுத்து சீட்டியடித்தார். ஆடுகள் ஓரம் ஒதுங்கின, ஆனால் முழுதாக ஒதுங்கவில்லை. என்னுடையது பதினைந்து வருஷத்துப் பழைய கார். ஆடுகளுக்கு நடுவே, முதல் கியரில், அந்தக் கிடை முடியும் வரை ஊர்ந்து போனேன். ஒரு லைட்டும் எரியவில்லை.