கரு வளர்ப்பவரின் மல்லிகை

செங்கல்பட்டில் நாங்கள் குழந்தைக்காக வைத்தியம் பார்த்த மருத்துவமனையில், கருவைக் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்க்கும் வேலை அவருடையது. ஒல்லியான பெண். பூவோ பவுடரோ கிடையாது. முதல் நாளே காரணம் கேட்டுவிட்டேன்.

"வாசனை கருவுக்கு ஆகாதுக்கா. வூட்டுக்குப் போறப்பதான் பூவெல்லாம்" என்று சிரித்தார்.

கரு வளரும் அந்த அறைக்குள் எனக்கு வேலையே இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து நானும் பூ வைப்பதை விட்டேன்.

முட்டை எடுத்த நான்காம் நாள் அவரே வெளியே வந்து சொன்னார். இருந்த ஒரே கருவும் நான்கு செல்லோடு நின்றுவிட்டது.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. மொத ரெண்டு நாள் கரு உங்க முட்டையில இருந்த சரக்குலயே ஓடும். அப்பால அதோட சொந்த ஜீனுங்க முழிச்சுக்கணும். எழுப்பிவிட சில ஆர்.என்.ஏ. கீது. அதுங்க புரதம் எதையும் செய்யாது, ஒரு காலத்துல குப்பைன்னே நெனச்சாங்க. இதுல அது எழுப்புச்சா இல்லையான்னு எனக்கும் தெரியல."

தெரியாது என்று அங்கே என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சாயங்காலம் வாசலில் ஆட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்குக் கிளம்பியவர், ஸ்கூட்டரிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

"இனிமே வெச்சுக்கலாம்க்கா."

உள்ளே, அந்த அறையில், இனி என்னுடையது எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே அழுதேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. நான் பூவை விட்டது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது?