கோழிப்பண்ணை பார்டர்

முட்டைக்கோழிப் பண்ணை சூப்பர்வைசர் என்றால் கோழியைப் பார்க்கிறவன் என்று நினைப்பீர்கள். கோழியை வேலையாட்கள் பார்த்துக்கொள்கிறார்கள், நாங்கள் பார்ப்பது வாசல் கேட்டை. நாமக்கல் பக்கம் வடக்கத்தி ஆட்களை நம்பி ஷெட் ஓட்டும் சகோதரர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். மீதியையும் கேளுங்கள்.

தொட்டி

எங்கள் கேட்டுக்கு வெளியே மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. கோழிக்குச் சீக்கு வந்துவிடக் கூடாதென்று, யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தீவன லாரி என்றால் டயர் நனைய வேண்டும். முதலாளியின் சம்பந்திக்கும் இதே சட்டம்தான். அவர் ஒருமுறை கோபித்துக்கொண்டு திரும்பியே போய்விட்டார்.

சைஃபுல் மேற்கு வங்காளத்தில் எல்லையோரத்து ஊர்க்காரன். அங்கே சொந்த வயலுக்குப் போகவே வேலியில் நிற்கும் சிப்பாயிடம் அட்டையைக் காட்ட வேண்டுமாம். மனைவி நசீமாவோடு வேலைக்கு வந்த அன்று, தொட்டியில் நின்றபடி திருப்பூரில் பழகிய தமிழில் சொன்னான்: "அண்ணா, இந்த பார்டர் நல்லா இருக்கு. காலு மட்டும் பாக்குது, கார்டு கேக்கல."

பெயர் சூட்டு விழா

இது உங்கள் பண்ணையிலும் உள்ள பழக்கம்தான். பீகார்க்காரன் ராஜா ஆகிவிடுவான், ஒடிசாக்காரன் குமார் ஆகிவிடுவான். சைஃபுல் செல்வம் ஆனான். டீக்கடையில், மளிகைக்கடையில் எல்லாம் செல்வம்தான். அவனுக்கும் வருத்தமில்லை. காய்ச்சலில் கிடந்தபோது முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். பெயர் வைத்த அன்று அவர் சொன்னது: "பேரு வாயில நுழையோணுமல்லோ. இன்னைலிருந்து நீ செல்வம், என்ன சாமி?"

டீக்கடை டிவி

எல்லை தாண்டி ஊடுருவியவர்களை விரட்டுவது பற்றி டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் டீ டம்ளரை வைத்துவிட்டு, எல்லாரையும் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்றார். அவருடைய மருமகன் அமெரிக்காவில் விசா முடிந்து, எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்காகப் போன வாரம்தான் இவர் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதைக் கேட்டுவிட்டேன். "அது வேறங்க, இது வேறங்க. எம்மருமவன் பொழைக்கப் போனவனுங்க."

ஜீப்

வங்காள மொழி பேசும் ஆட்களைச் சரிபார்க்க ஒரு காலையில் போலீஸ் வந்தது. அவர்களும் பூட்ஸை நனைத்துக்கொண்டுதான் வந்தார்கள். உதவி செய்கிற நினைப்பில் முதலாளி ஷெட்டைப் பார்த்து, "செல்வம், இங்க வா சாமி" என்று குரல் கொடுத்தார். வந்தவன் நீட்டிய ஆதாரில் சைஃபுல் என்று இருந்தது. அவ்வளவுதான். எங்கள் வாய்க்கு வசதியாக வைத்த பெயர், அவன் ஒளிந்துகொள்ள வைத்த பெயராகிவிட்டது.

நானும் முதலாளியும் மாறி மாறி விளக்கினோம். இவன் அப்பா பெயர் என்ன, எந்த ஊர் என்று முதலாளியைக் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லையோரம் என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. முட்டை அட்டையைக் கையில் பிடித்தபடி நசீமா பார்த்துக்கொண்டிருக்க, அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது எஸ்.ஐ. கேட்டார்: "நல்லவனுக்கு எதுக்குய்யா ரெண்டு பேரு?"

திரும்பி வந்தவன்

ஒரு கல்யாண மண்டபத்தில் மற்றவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். அவன் ஊரிலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆயிற்று. இந்தியன்தான் என்று விட்டுவிட்டார்கள். சேதி கேட்டு நசீமா மீன் குழம்பு வைத்தாள்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவம்மேல குத்தமில்லீங்க. ஆனா ஒருக்கா ஜீப்பு வந்த கேட்டுக்கு மறுக்காவும் வருமுங்க. அந்த நசீமாப் புள்ளையையும் கூட்டீட்டுப் போயிரச் சொல்லுங்க." எவ்வளவோ வாதாடினேன், அவர் மசியவில்லை.

சைஃபுலுக்கு இது எதுவும் தெரியாது. இளைத்துப்போய், தாடியோடு வந்தவன், பழக்கம் விடாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கி நின்றான். "அண்ணா, காலு நனைச்சாச்சு. கேட்டு தொற."

கோழிச் சீக்குக்கு விதவிதமாக மருந்து வாங்கும் எங்கள் பண்ணையில், சந்தேகம் ஒட்டிய மனுஷனைக் கழுவி உள்ளே விட மட்டும் இதுவரை ஒரு மருந்தும் வாங்கவில்லை.