ஹெந்தளைக் கிளப்பின் குழி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் கல்யாண வீட்டுக்காரர் வெடி கொளுத்தினால், அந்த மருந்து மணத்தோடு ஹெந்தளைக் கடற்கரையோரம் இருந்த துப்பாக்கிக் கிளப் நினைவில் வந்து நிற்கிறது. இப்போது அங்கே மாடிவீடுகள்.

ஞாயிறு காலைகளில் துரைமார் துப்பாக்கியோடு நின்று, தட்டை வீசச் சொல்லி "புல்!" என்று ஆங்கிலத்தில் கத்துவார்கள், புல்லைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சின்ன வயதில் நான் நினைப்பேன், உடனே திடலின் நடுவிலிருந்த குழிக்குள்ளிருந்து களிமண் தட்டொன்று சீறி எழும்பி, வெடிச்சத்தத்தோடு தூளாகிக் கடல் பக்கமாக விழும். குழிக்குள் இருந்து தட்டு வீசியவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

ஒரு சனிக்கிழமை சந்தியில் மாமாவை மறித்து, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிசில் கேட்டால், அப்படி ஒருவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனா. கேற்றடியில் நிற்கும்போதே "புல்!" என்றது கேட்டது, தட்டும் எழும்பியது.

"தம்பி உள்ளுக்குத்தான் இருக்கிறான்!"

துப்பாக்கிகளுக்கு முன்னால் அம்மா ஓடினா. சுடுவதை நிறுத்தினார்கள். குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது வேறொரு முகம்.

"யாரைத் தேடுறீங்க, அக்கே?" என்று அந்த ஆள் சிங்களத்தில் கேட்டார்.

அம்மா வாயெடுத்தா. சுற்றி நின்றவர்களைப் பார்த்தா. பிறகு, "ஒருத்தரையும் இல்லை" என்று சிங்களத்திலேயே சொல்லி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தா.

மாமா வரவேயில்லை. அவருடைய பெயரை அம்மா சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்டதுமில்லை.